முடி நுழையாத இடுக்கு

வெர்னா: ஒரே ஒரு குண்டுதான் வெடிச்சுது ஹார்லன்! அதுவும் குறி தப்பிடுச்சு. அப்புறம் துப்பாக்கியோட மேல்பாகம் பாதியிலேயே நின்னுடுச்சு. இழுக்கறேன், தட்டறேன்... அசையவே இல்ல!

ஹார்லன்: முதல்ல உட்காரு. சட்டைக் கை ஏன் இப்படிக் கிழிஞ்சு...

வெர்னா: வெறி பிடிச்ச கயோட்டி நரி. ஆட்டுப்பட்டிக்குள்ள! பல்லு சட்டையோட போச்சு. வண்டிக் கதவை இழுத்துச் சாத்தினதால உசிரோட இருக்கேன். நீங்கெல்லாம் ஒரு துப்பாக்கி மெக்கானிக்கு!

ஹார்லன்: திட்டு, வாங்கிக்கறேன். குடு அதை... அட கடவுளே! உள்ள இவ்வளவு மண்ணா?

வெர்னா: அரிசோனாவுல காத்தடிச்சா மண்ணு வராம பன்னீரா தெளிக்கும்? அப்பா முப்பது வருஷம் இதே மண்ணுலதான் வெச்சிருந்தார். ஒரு நாள் மக்கர் பண்ணினதுண்டா?

ஹார்லன்: அப்ப இதைக் குலுக்கினா கடகடன்னு ஆடும். பட்டாளத்துக்குன்னே லூசா செஞ்சது. மண்ணு புகுந்தாலும் ஓடும். இப்ப நான் இழைச்சு இழைச்சு இறுக்கியிருக்கேன், இடுக்குல முடி நுழையாது. குறி அட்டையில சுட்டா அஞ்சு குண்டும் ஒரே ஓட்டையில போகும். மண்ணு பட்டா... அவ்வளவுதான்.

வெர்னா: இதை ஏன் எங்கிட்ட சொல்லல?

ஹார்லன்: உன் புருஷன்கிட்ட சொன்னேனே! "கர்ட்டிஸ், இது குறி சுடற போட்டிக்கு மட்டும். வெர்னா இடுப்புல செருகிக்கிட்டுப் பட்டிக்குப் போயிடப் போறா"ன்னு...

வெர்னா: அப்பா துப்பாக்கியை உங்ககிட்ட சரிபண்ணி வாங்கிட்டு வந்து பிறந்தநாள் பரிசுன்னு குடுத்தாரே... "இனிமே இது உன்னைக் கைவிடவே விடாது, ஹார்லனே சொன்னார்"னு...

ஹார்லன்: நானா?!

வெர்னா: இருங்க... இருங்க...

ஹார்லன்: நரி வந்தப்ப அவன் எங்க இருந்தான்?

வெர்னா: அவர்... வீட்ல இல்ல.

ஹார்லன்: வெர்னா. என்னைப் பார்த்துச் சொல்லு.

வெர்னா: வேலிக்கு வெளியில. அவர்தான் போன் பண்ணிக் கூப்பிட்டார், "உங்கப்பா துப்பாக்கியை எடுத்துட்டு வா"ன்னு. அவர் கையில ரைபிள் இருந்துச்சு ஹார்லன்! சுடவே இல்ல. பயத்துல கை நடுங்கிடுச்சாம். நானும் நம்பிட்டேன். யார்கிட்டயும் மூச்சு விடல... என்ன, நீங்களும் எதையோ முழுங்கறீங்க? சொல்லித் தொலைங்க!

ஹார்லன்: வாங்கிட்டுப் போறப்ப வாசல்ல நின்னு ரெண்டு தடவை கேட்டான். "மண்ணு பட்டா நிச்சயமா மாட்டிக்குமா?"ன்னு. நிச்சயமா மாட்டிக்கும்னேன்... உன் மேல இருக்கற அக்கறையில கேக்கறான்னு நெனச்சேம்மா.