வழி கேட்டு வந்தவன்

இரவு ஒன்பது மணி இருக்கும். கோப்பாயிலை இருந்து கைதடிப் பாலத்துக்குப் போற றோட்டு. உங்களுக்குத் தெரியும்தானே... வீடுகள் முடிஞ்சால் பிறகு வெறும் வெட்டை. உப்புக்காத்து. ஒரு லைற் இல்லை.

நிவேதனா, அந்தப் போன் வெளிச்சத்தை நூர், இருட்டாயே இருக்கட்டும். கரண்ட் வரேக்கை வரட்டும், கிட்ட வாங்கோடி. தர்சிகா வீட்டை போயிட்டாள், அதாலைதான் சொல்லுறன். இது அவளின்ரை பெரியப்பாவுக்கு நடந்தது. அவள் நிக்கேக்கை கதைச்சால் அழுவாள்.

பெரியப்பாவின்ரை பேர் சோமசேகரம். வீடுகள் முடியிற இடத்திலை அவருக்கு ஒரு சைக்கிள் கடை. காத்தடிக்க வாறவை, வழி கேக்க வாறவை... எல்லாருக்கும் சிரிச்ச முகம். பக்கத்து ஒழுங்கையிலை உதயகலா எண்டு ஒரு பிள்ளை அறை எடுத்து இருந்தவ. கட்டின மனுசனை விட்டிட்டு வந்தவ. வந்த அண்டைக்கே கடையிலை சொன்னவ: "அண்ணை, ஆர் என்னைக் கேட்டு வந்தாலும் அப்பிடி ஒருத்தரும் இஞ்சை இல்லையெண்டு சொல்லுங்கோ." அவரும் ஓமெண்டார்.

அந்த ஒன்பது மணிக்குத்தான் அவவின்ரை மனுசன் வந்தான். அயன் பண்ணின சேட். நெத்தியிலை வீபூதி. கையிலை ஒரு பை அப்பிள். உங்களுக்குப் பேய்க்குப் பயம், எனக்கு உந்த அயன் பண்ணின சேட்டுக்குத்தான் பயம். "என்ரை பிழைதான் அண்ணை, அவ இல்லாமல் எனக்குச் சோறு இறங்குதில்லை" எண்டு விக்கி விக்கி அழுதான்.

உவங்கள் எல்லாம் ஒரே அச்சு. முதலிலை போனை வாங்கிப் பாப்பாங்கள். பிறகு தாய் வீட்டுக்கு ஏன் போறாய் எண்டு கேப்பாங்கள். அடி பிறகுதான் வரும். அடிச்சிட்டு அழுவாங்கள்... அவள் எழும்பிப் போனால், அப்பத்தான் தேடி வருவாங்கள். கோவத்திலை செய்திட்டான் எண்டு பேப்பரிலை போடுறாங்கள். கோவத்திலை செய்யிறவன் ஒழுங்கை ஒழுங்கையாய் வழி விசாரிச்சுக்கொண்டு வருவானோ?

பெரியப்பா ஒரு ஆம்பிளை அப்பிடி அழுது அதுக்கு முந்திக் கண்டதில்லை. மனம் இளகிப் போச்சு. வழி காட்டினது மட்டுமில்லை... தானே கூட்டிக்கொண்டு போனார். வாசல் படலை உள்ளுக்குக் கொழுக்கி போட்டுப் பூட்டியிருந்தது. இவர்தான் கூப்பிட்டவர். "தங்கச்சி, நான் சோமண்ணை. பயப்பிடாமல் திறவுங்கோ."

அவரின்ரை குரலுக்குத்தான் அவ திறந்தவ.

கொழுக்கி... களுக்.

இவர் கடைக்குப் பின்னாலை இருந்த தன்ரை வீட்டை போய் வடிவாய்ச் சாப்பிட்டார். ஒரு குடும்பத்தைச் சேர்த்து வைச்சிட்டன் எண்டு பெரியம்மாவிட்டைப் பெருமை வேறை. அப்ப மிளகாய் கருகிற மணம் வந்தது. இருமல். "ஆரோ தூளுக்கு வறுக்கப்போய்க் கருக்கிப் போட்டினம்" எண்டு சிரிச்சார்... உதயகலாதான் அடுப்பிலை மிளகாய் வறுத்துக்கொண்டு நிண்டவ. சட்டியை இறக்க அவ உயிரோடை இல்லை.

பெரியப்பாவை ஒருத்தரும் குறை சொல்லேல்லை. நீங்கள் நல்லதை நினைச்சுத்தானே செய்தனீங்கள் எண்டவை. அதுதான் அவரை அரிச்சது. ஒவ்வொரு நாளும் கடை பூட்டுற நேரம் அந்தக் கருகல் மணம் வரும். தொண்டை எரியும். பக்கத்திலை நிக்கிறவைக்கு ஒண்டும் மணக்காது. பிறகு இருட்டுக்குள்ளை... களுக். அந்தப் படலையை எப்பவோ கழட்டிப் போட்டாங்கள்.

கீரிமலைத் தீர்த்தத்திலை போய் முழுகினார். அர்ச்சனை செய்தார். ஒண்டும் போகேல்லை. "அவ என்னைத் திட்டினாலும் ஆறுதலாய் இருக்கும், ஒண்டும் சொல்லுறா இல்லையே" எண்டு பெரியம்மாவிட்டைச் சொல்லி அழுவாராம்.

வழக்கு இழுபட்டுது. அவனைப் பிணையிலை விட்டிட்டாங்கள். போன மாரி, மழை தூறின ஒரு இரவு, கடை வாசலிலை ஒரு மோட்டார்சைக்கிள் வந்து நிண்டது... அதே ஆள். அவனுக்குப் பெரியப்பாவை அடையாளமே தெரியேல்லை.

"அண்ணை, பத்மாசினி எண்டு ஒரு பிள்ளை இந்த ஒழுங்கையிலை நிக்கிறாவோ? நான் கட்ட இருந்தவ. என்ரை பிழைதான் அண்ணை... அவ இல்லாமல் எனக்குச் சோறு இறங்குதில்லை."

கண்ணீரும் வந்தது.

பத்மாசினி நிக்கிறா. கடைசி வீட்டிலை, மாமியோடை. அண்டைக்குக் காலமையும் சைக்கிளுக்குக் காத்தடிச்சுக்கொண்டு போனவ.

பெரியப்பா ஒழுங்கைப் பக்கம் திரும்பியும் பாக்கேல்லை.

"அப்பிடி ஒருத்தரும் இஞ்சை இல்லைத் தம்பி."

அவன் இவரின்ரை முகத்தையே பார்த்தான். பிறகு மோட்டார்சைக்கிளைத் திருப்பிக்கொண்டு பாலத்துப் பக்கம் போயிட்டான். சத்தம் தேயும் வரைக்கும் இவர் வாசலிலையே நிண்டார்.

அண்டைக்கு மணம் வரேல்லை. இருமல் இல்லை. உதயகலா விட்டிட்டா... மன்னிச்சிட்டா எண்டு நினைச்சுக்கொண்டு கடைக் கதவை இழுத்தவராம்.

அப்ப காதுக்குக் கிட்ட ஒரு பொம்பிளைக் குரல். கோவம் இல்லை. அழுகை இல்லை. மெய்யாவே தெரியாமல் கேக்கிற மாதிரி...

"இல்லையெண்டு சொல்லுறது இவ்வளவு லேசோ, அண்ணை?"