டிரம் கழுவுகிறவள்

இந்த நாற்காலியின் பின்கால் ஒன்று கொஞ்சம் குட்டை. அடியில் ஒரு வாஷரை வைத்து ஒரு பொட்டு வெல்டிங் வைத்தால் ஆட்டம் நின்றுவிடும். இருக்கட்டும். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் நிதானமாகவே சொல்கிறேன்.

என் கணவர் மின்சார அலுவலகத்தில் மீட்டர் பழுது பார்ப்பவர். சனி, ஞாயிறு என்றால் கொல்லைப்புறத்தில் இரும்பு வேலை. இருநூறு லிட்டர் டிரம்மை நீளவாக்கில் பிளந்து, கீல் வைத்து மூடியாக்கி, பக்கத்தில் நெருப்புப் பெட்டியும் மேலே புகைபோக்கியும் பொருத்தினால் புகையடுப்பு. கறியைத் தீயில் காட்டாமல் புகையிலேயே ஆறேழு மணி நேரம் வேகவைப்பதற்கு. பதினொரு வருடத்தில் இருபத்தாறு செய்திருக்கிறார். கேட்டவர்களுக்கெல்லாம் சும்மாவே கொடுத்தார். "உங்க கை பட்டா தகரமும் தங்கம்தான்" என்பார்கள். அவருக்கு அது போதும்.

டிரம் கழுவுவது என் வேலை. எண்ணெய் டிரம் என்றால் சோப்புத்தூளும் வெந்நீரும். பெயிண்டில் கலக்கும் தின்னர் இருந்த டிரம் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். காலியாகத் தெரிந்தாலும் உள்ளே ஆவி நிற்கும். வெட்டும்போது ஒரு பொறி உள்ளே போனால் போதும், வெடித்துவிடும். அதனால் மூன்று தடவை கழுவி, வாயைத் திறந்து இரண்டு நாள் வெயிலில் போடுவேன். வந்தவர்களிடம் அவர் சொல்வார், "அவ கழுவினா அதுல பாலே காய்ச்சலாம்." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

பார்த்துப் பார்த்து எனக்கும் வெல்டிங் வந்துவிட்டது. அவர் மதியம் தூங்கும் நேரத்தில் பழகினேன். நான்கு மாதத்தில் பூந்தொட்டிகள் வைக்க ஒரு ஸ்டாண்ட் செய்தேன். மூன்று தட்டு, நான்கு கால். கால்களைக் கையாலேயே வளைத்தேன். முதலில் இரண்டு கோணிப்போயின. அறுத்துவிட்டு மறுபடி செய்தேன். அது அவர் கண்ணில் படவில்லை என்று சொல்ல மாட்டேன். "பரவாயில்லையே" என்றார். அவர் தம்பி மட்டும்தான் குனிந்து, ஒட்டின இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"அண்ணி, நிஜமா உங்க கைவேலையா இது? அண்ணனுக்கே இவ்வளவு சுத்தமா வராது போலிருக்கே."

தம்பி பேருந்து ஓட்டுநர். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நான் வேலையிலிருந்து திரும்பியபோது தொட்டிகள் சுவரோரம் வரிசையாகத் தரையில் இருந்தன. ஒரு தொட்டிகூட உடையவில்லை. அன்று லீவில் இருந்த என் கணவர் பக்குவமாக இறக்கி வைத்துவிட்டுத்தான் ஸ்டாண்டை அறுத்திருந்தார். நான்கு கால்களும் தனியாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன.

"தம்பிக்கு ஒரு அடுப்பு செஞ்சு கொடுக்கணும்மா. கடைக்கம்பியெல்லாம் ரொம்ப மெலிசு. உன்னோடது நல்லா கெட்டியா இருந்துச்சு, அதான் எடுத்துக்கிட்டேன். கோவமா?"

"இல்லங்க."

உண்மையிலேயே கோபம் இல்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும். பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி இருந்தது. சாப்பிட்டேன். பாத்திரம் தேய்த்தேன்.

புதன்கிழமை தம்பியின் அடுப்புக்காக டிரம் வந்தது. தின்னர் டிரம். கழுவ உட்கார்ந்தேன், கை எழவில்லை. வெளிப்பக்கத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்தேன். டிரம்மின் வாயில் இருந்த இரண்டு மூடிகளையும் திருகி இறுக்கினேன். என் கணவருக்குப் பல வருடமாகவே வாசனை தெரியாது. இருந்தாலும் இறுக்கினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேட்டார், "டிரம் கழுவிட்டியா?"

"ம்."

'ம்' என்பதைப் பொய் என்று சொல்ல முடியுமா, தெரியவில்லை. அது ஒரு சொல்லே இல்லையே.

மறுநாள் வெட்டப்போவது அவராகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருபத்தாறு டிரம்மையும் அவர்தான் வெட்டினார். ஆனால் சனிக்கிழமை காலை கீல் வாங்க அவர் கடைக்குப் போயிருந்த நேரத்தில் தம்பி வந்தார். அண்ணனுடைய கண்ணாடியையும் கையுறையையும் மாட்டிக்கொண்டு அடுக்களை ஜன்னல் பக்கம் வந்து நின்றார்.

"அண்ணன் வர்றதுக்குள்ள நானே வெட்டி வச்சுடறேன் அண்ணி. அசந்துபோவாரு பாருங்க. டிரம் ரெடிதானே?"

"டீ போடட்டுமா தம்பி?"

"வெட்டிட்டு வந்து நிம்மதியா குடிக்கறேன்."

தம்பி டிரம் இருந்த இடத்துக்கு நடந்துபோக எட்டுப் பத்து அடி. வெட்டும் இயந்திரத்தின் வயரைப் பிரித்து மாட்ட அரை நிமிடம். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் ஏன் என்று கேட்பார். பிறகு என் கணவரும் கேட்பார், 'நேத்து ம்-னு சொன்னியே?' ஜன்னலோரம் மூன்று கண்ணாடி டம்ளர்கள் கவிழ்த்து வைத்திருந்தேன். அவற்றை எடுத்து உள் அலமாரியில் வைத்தேன். பிறகு ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு, சுவருக்கு இந்தப் பக்கமாகத் தள்ளி நின்றேன்.

சத்தம் நான் நினைத்ததைவிடக் குறைவு.

தம்பியின் மனைவி மூன்று நாள் என் மடியில் தலை வைத்து அழுதாள். சிக்கு விழுந்த தலையை நான்தான் வாரிவிட்டேன். இப்போதும் தினமும் போன் செய்கிறாள். என்னைத் தவிர அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

விசாரணைக்கு வந்த உங்கள் அதிகாரியிடம் என் கணவர், டிரம்மைத் தானே கழுவியதாகவும் அவசரத்தில் சரியாகக் கழுவவில்லை என்றும் சொல்லிவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவரை அழைத்துப் போகும்போது என் தோளைத் தொட்டு, காதோடு சொன்னார்:

"நீ மறந்திருப்பே, பரவாயில்ல. யார்கிட்டயும் வாயத் திறக்காத. நான் பாத்துக்கறேன்."

என்னைக் காப்பாற்றுகிறார் என்று என் அக்கா சொல்கிறாள். அவளுக்கு அவரைத் தெரியாது.

நான் மறக்கவில்லை. உங்கள் தாளில் அவருடைய கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறதாம். அதை அடித்துவிடுங்கள். அது அவர் செய்ததல்ல. நான் செய்தது. ஒன்றையாவது என் பெயரில் எழுதுங்கள்.