வாளின் மேல் வைத்த கை

கல்கத்தாவில் எங்கள் பவானிபூர் சந்தில் மே மாதப் புழுக்கத்தில் துவைத்த துணி காயவே இரண்டு நாள் ஆகும், சார். படத்தின் எண்ணெய் வண்ணத்தைக் கேட்கவே வேண்டாம். என் அவசரத்துக்கு அதுதான் காரணம்.

சால்ட் லேக்கில் புது வீடு கட்டியவர் ஒருவர் கிரகப்பிரவேசத்துக்குள் தன் தாத்தாவை ராஜாவாக வரைந்து தரக் கேட்டார். தந்தது ஒரு பாஸ்போர்ட் படம் மட்டும். உடம்புக்கு எப்போதும்போல் கீழ்வீட்டு மாணிக்கம் அண்ணனை நிறுத்தினேன். இட்லிக் கடைச் சமையல்காரர். போன வருஷம் நெஞ்சுவலி வந்து வேலையை விட்டவர்.

ஜாத்ரா நாடகக் கம்பெனியில் வாடகைக்கு எடுத்த வெல்வெட் அங்கி, முத்துமாலை, இறகுத் தலைப்பாகை, காலடியில் புலித்தோல். இதெல்லாம் யாருக்கும் பொருந்தும். ராஜா என்பது கையில் இருக்கிறது, சார். காவல்காரன் வாளைப் பிடிப்பான். ராஜா அதன்மேல் கையை வைத்திருப்பார், அவ்வளவுதான். அண்ணனோ சாம்பார்க் கரண்டியைப் போல இறுக்கிப் பிடித்தார். தளர்த்தச் சொன்னால் கை நடுங்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"தம்பி, மூச்சு முட்டுதுங்க. செத்த உக்காந்துக்கறேனுங்க."

உட்கார்ந்தால் அங்கியின் மடிப்பு கலைந்துவிடும். நான் என்ன செய்ய முடியும்? மணிக்கட்டை வாளோடும் இடுப்பைத் தூணோடும் கட்டினேன். பழைய வேட்டித் துணிதான், வலித்திருக்காது.

ஒரு மணிக்கு அவர் மனைவி அருக்காணி அக்கா மோர்ச் சொம்போடு கதவைத் தட்டினார்.

"காலையிலிருந்து பச்சத்தண்ணிகூடக் குடிக்கலைங்க தம்பி. இதக் குடுத்துட்டுப் போயிடறேன்."

வெல்வெட்டில் மோர் சிந்தினால் கறை போகாது. பத்து நிமிஷம் பொறுக்கச் சொன்னேன். படியில் உட்கார்ந்துகொண்டார்.

அண்ணன் அக்கா பெயரைச் சொல்லி ஒருமுறை கூப்பிட்டார். குரல் கதவுவரை போகவில்லை. அசையாதீர்கள் என்றேன். முகத்தை நான் பார்க்கவில்லை; படத்துக்கு அந்த முகம் தேவையில்லை. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து, வாளின் பிடிமேல் நான் சொன்னபடியே படிந்தன.

எனக்குத் தெரிந்தது, சார். தெரிந்துதான் வரைந்தேன். விரல்கள் விறைப்பதற்குள் முடிக்க வேண்டியிருந்தது. நாற்பது நிமிஷம் ஆயிற்று. அக்கா சொம்பை முந்தானையால் மூடியபடி படியிலேயே இருந்தார்.

அக்கா ஸ்டேஷன் வாசலில் இன்னும் அழுதுகொண்டிருக்கிறாராமே. அந்தப் படத்தை அவரிடம் ஒருமுறை காட்டுங்கள். அண்ணன் கை எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது என்று பார்த்தால், அவருக்கும் ஆறுதலாக இருக்கும்.