விழுந்த வரி

தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் முதலில் பதறக் கூடாது, சார். பெரும்பாலும் அது ஃபாண்ட் கோளாறுதான். சரியான ஃபாண்டை மறுபடி நிறுவி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் எல்லாம் திரும்பி வந்துவிடும். இந்த ஒரு வித்தையை வைத்துக்கொண்டே காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை 'ஃபாண்ட் டாக்டர் லூயிஸ்' என்று பெயர் வாங்கினேன். கையில் ஒரு ஃப்ளாப்பி, கொஞ்சம் கனமான முகம், அவ்வளவுதான் மூலதனம். திரையை உற்றுப் பார்த்து "ம்ம்" என்று இரண்டு தடவை சொல்வேன். பாதி மரியாதை அந்த "ம்ம்"முக்குத்தான்.

2002-இல் ராயபுரத்தில் ரஷீது பாயின் அச்சுக் கடையில் வேலையில் இருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கட்சி நோட்டீஸ், மணலிப் பக்கத்துக் கம்பெனிகளின் அறிவிப்புகள் என்று வேலை வரும். அந்த வருஷம் புஷ்பவல்லி சேர்ந்தாள். எம்.கே.பி. நகர்ப் பெண். நான் கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் அமைத்துக் கட்டுவதற்குள் அவள் மூன்று கட்டிவிடுவாள், பிழையில்லாமல். ஒருநாள் எழுத்து உடைந்தபோது, யாரையும் கூப்பிடாமல் அவளே சரிசெய்துவிட்டாள். "ம்ம்" கூடச் சொல்லவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

நான் செய்தது சின்ன வேலை. அவள் வழக்கமாகப் பயன்படுத்தும் ஃபாண்டை எடுத்து, ஒவ்வொரு எழுத்தின் அகலத்தையும் ஒரு மயிரிழை கூட்டினேன். பெயரை மாற்றவில்லை, அவள் ஃபைல் அதையே எடுத்துக்கொள்ளட்டும் என்று. பிரிண்டர் இணைத்திருந்த என் கம்ப்யூட்டரில் மட்டும் அதைப் போட்டேன். என் வேலைகளுக்கு வேறு ஃபாண்ட் வைத்துக்கொண்டேன். அவள் தன் கம்ப்யூட்டரில் அழகாகக் கட்டிய பக்கம் ஃப்ளாப்பியில் என்னிடம் வரும்போது வரிகள் நீண்டு, மடங்கி, கடைசியில் இடம் போதாமல் ஒன்றிரண்டு கண்ணுக்குத் தெரியாமல் விழுந்துவிடும்.

"இன்னா லூயிஸு, இந்தப் பொண்ணு கட்டுற பக்கமெல்லாம் பேஜாரா கீதே" என்பார் பாய்.

"நான் பாத்துக்கறேன் பாய்" என்பேன். ஃபாண்டை மாற்றி இரண்டு நிமிஷத்தில் நேராக்குவேன். அவர் போனதும் பழையபடி வைத்துவிடுவேன்.

புஷ்பவல்லி பக்கத்தில் நின்று பார்ப்பாள். "அண்ணே, என் சிஸ்டத்துல சரியாத்தான் கீது. இங்க வந்தா மட்டும் ஏண்ணே ஒடையுது?"

"உனுக்கு இன்னும் கை படியல."

நம்பினாள். எனக்கு டீ கூட வாங்கிக் கொடுத்தாள். குடித்தேன்.

அந்த ஆகஸ்டில் எண்ணூர்ப் பக்கத்து ரசாயனக் கிடங்கு ஒன்றிலிருந்து அறிவிப்பு வேலை வந்தது. டாங்கிக்குள் இறங்கிச் சுத்தம் செய்கிறவர்களுக்கான விதிமுறைகள், ஏழு. ஏழாவது இது: 'மூடியைத் திறந்து அரைமணி நேரம் கழித்து உள்ளே இறங்கலாம், காற்றுச் சோதனை முடிந்திருந்தால் மட்டும்.' அவள் கட்டிக் கொடுத்தாள். தங்கைக்குக் காய்ச்சல் என்று சீக்கிரம் போக வேண்டும் என்றாள். "நீ போம்மா, நான் அடிச்சுக் குடுத்துடறேன்" என்றேன். அடித்தேன். தாளின் ஓரத்தை வெட்டினேன். கிடங்கு சூப்பர்வைசர் வந்து வாங்கிப் போனார்.

நாலாவது வாரம் வேலப்பன் என்கிற ஒப்பந்தத் தொழிலாளி மூடியைத் திறந்து, சரியாக அரைமணி நேரம் காத்திருந்து, இறங்கினான். பிணமாகத்தான் மேலே வந்தான். சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பில் ஏழாவது விதி 'இறங்கலாம்' என்பதோடு முடிந்திருந்தது.

செய்தி கேட்டதும் நான் இரண்டு காரியம் செய்தேன். அகலம் கூட்டிய ஃபாண்டைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட்டேன். பிறகு புஷ்பவல்லியின் கம்ப்யூட்டரில் இருந்த ஃபைலைத் திறந்து, ஒன்றும் மாற்றாமல் ஒருமுறை சேவ் செய்தேன், அவள் ஃப்ளாப்பியிலும்தான். ஃபைலில் அன்றைய தேதி ஏறிவிட்டது. போலீஸ் வந்து பார்த்தபோது அந்த வரி ஃபைலில் இருந்தது. ஆனால் ஃபைலை யாரோ சாவுக்குப் பிறகு தொட்டிருந்தார்கள். தப்பை மறைக்க அவளே பின்னால் சேர்த்திருப்பாள் என்று உங்கள் ஆட்கள் தாங்களாகவே முடிவுகட்டினார்கள்.

வேலப்பன் மனைவி கெங்கம்மா அந்த அறிவிப்பைச் சுவரிலிருந்து கிழித்துக்கொண்டு கடைக்கு வந்தாள்.

"இத அடிச்சது யாரு? எம் புருசன் எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டுதான் எறங்குனான். அதுல இன்னா போட்டுகீதோ அதத்தான் செஞ்சான்."

நான் புஷ்பவல்லியைக் கைகாட்டினேன். கெங்கம்மா அவளை அடிக்கவில்லை. பக்கத்தில் போய் முகத்தை மட்டும் ரொம்ப நேரம் பார்த்துவிட்டுப் போனாள். புஷ்பவல்லி அன்றைக்கே வேலையிலிருந்து நின்றாள். சூப்பர்வைசரோடு சேர்த்து அவள் மீதும் வழக்குப் போட்டார்கள். பதினெட்டு நாள் உள்ளே இருந்தாள். அவளுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை வீட்டார் அதோடு போய்விட்டார்கள்.

நாலு வருஷம் இழுத்தது. போன மாதம் அவள் உங்களிடம் மறுபடி மனுக் கொடுத்தாளாம். "லூயிஸ் அண்ணன கேளுங்க சார், ஃபாண்ட் விஷயம் அவருக்குத்தான் தெரியும்" என்றாளாம். நீங்கள் போன் செய்து, "நிபுணர் என்ற முறையில் வந்து விளக்குங்கள்" என்றீர்கள். நிபுணர். நான் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தேன்.

ஒரு வரி எப்படி விழும் என்று கேட்டீர்கள். வாயால் சொன்னால் போதாதா? உங்கள் கம்ப்யூட்டரிலேயே செய்துகாட்டினேன். பையிலிருந்து ஃப்ளாப்பியை எடுத்து, அகலம் கூட்டிய அந்த ஃபாண்டைப் போட்டு, அந்த அறிவிப்புப் பக்கத்தையே திறந்து, கடைசி வரியை உங்கள் கண்முன் மறையவைத்து, பெருமையாக "பாத்தீங்களா?" என்றேன். கான்ஸ்டபிள்கூட எட்டிப் பார்த்தார். இந்த ஃபாண்ட் உன்னிடம் எப்படி வந்தது என்று நீங்கள் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. உலகத்தில் இப்படி மாட்டிக்கொண்ட முதல் டாக்டர் நானாகத்தான் இருக்க வேண்டும். ஏன் இத்தனை வருஷம் வைத்திருந்தாய் என்றீர்கள். நேர்த்தியான வேலை, சார். தூக்கிப்போட மனம் வரவில்லை.

அடிக்கும்போது வரி விழுந்தது தெரியுமா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தெரியும். திரையில் எழுத்து அடங்கும் பெட்டியின் அடியில், இன்னும் எழுத்து மிச்சம் இருக்கிறது என்று காட்டும் சிவப்பு முக்கோணம் இருந்தது. பெட்டியை இழுத்து மிச்சத்தைப் படித்துப் பார்த்தேன். மறுபடி மூடிவிட்டு அடித்தேன். மறுநாளே சூப்பர்வைசர் வந்து அவளைத் திட்டுவார், நான் சரிசெய்து கொடுப்பேன் என்று இருந்தேன். ஒட்டுவதற்கு முன்னால் ஒருமுறை படித்துப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். நான் எல்லோரையும் சுலபமாக நம்பிவிடுகிறவன், சார். என்னிடம் உள்ள ஒரே குறை அதுதான்.