ஒற்றை வட்டில் பதினொரு நாள்

கணினி அறையில் எப்போதும் குளிர்தான் ஐயா, அதனால் ஏப்ரலிலும் நான் சால்வை போர்த்தியிருப்பேன். துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரில் அந்த மருத்துவமனையின் லினக்ஸ் இயந்திரத்தை ஒன்பது வருடம் பார்த்துக்கொண்டேன். நோயாளிகளின் விவரம் முழுவதும் அதில்தான். உள்ளே தகவல் சேமிக்கும் வட்டுகள் இரண்டு. ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே பதியும். இயந்திரம் எழும்போது இரண்டையும் சேர்த்து ஒரே சாதனமாக்கி, அதற்கொரு பெயர் வைக்க வேண்டும். அதைச் செய்யும் கட்டளை வரியை எழுதியவள் நான்.

தலைநகர் துனிஸிலிருந்து மொன்ஜி எனக்கு மேலதிகாரியாக வந்தான். தாதிகள் முன்னால், அம்மா என்பதுபோல் மரியாதையாக லல்லா என்று கூப்பிட்டு, "லல்லா ஹெதியா, இது மெஷினா, உங்க கல்யாணச் சீதனமா? வேற யாரும் தொடவே கூடாதோ?" என்றான். அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

திங்கட்கிழமை இயந்திரத்தை அணைத்து எழுப்பப்போவதாகச் சொன்னான். ஞாயிறன்று அந்த வரியை அழித்தேன். வட்டுகள் சேராது, என்னிடம் வந்து கேட்பான் என்று இருந்தேன். அவன் கேட்கவில்லை. இரண்டாவது வட்டை மட்டும் தனியாக இணைத்து ஓட்டிவிட்டான். அவசரக்காரர்கள் செய்கிற தவறு அது.

"பாத்தீங்களா லல்லா, நீங்க இல்லாமயே ஓடுது," என்றான்.

பதினொரு நாள் எல்லாப் பதிவும் அந்த ஒற்றை வட்டில் விழுந்தது. முதல் வட்டு பழைய நிலையிலேயே கிடந்தது. தினமும் பார்த்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

பன்னிரண்டாம் நாள் விடியற்காலை, மொன்ஜி வருமுன், வரியைத் திரும்ப எழுதி இயந்திரத்தை எழுப்பினேன். வட்டுகள் சேர்ந்தன. எதிலிருந்து எதற்கு நகலெடுப்பது என்று நாம்தான் சொல்ல வேண்டும். முதல் வட்டிலிருந்து என்று சொன்னேன். இரண்டாவதில் இருந்த பதினொரு நாள் பதிவும் அழிந்து, பழையது அதன்மேல் ஏறியது.

காலை மருந்து நேரத்தில் மப்ரூக்கா என்ற பெண்ணுக்குப் பென்சிலின் போட்டார்கள். அவளுடைய பழைய பக்கத்தில் எச்சரிக்கை எதுவும் இல்லை. பத்து மணிக்குள் அவள் இறந்துவிட்டாள். வட்டைத் தனியாக இணைத்த கட்டளை மொன்ஜியின் பெயரில் இருந்ததால் போலீஸ்காரர்கள் நீங்கள் அவனைக் கைது செய்து கூட்டிப் போனீர்கள். போகும்போது அவன் என்னிடம் மெதுவாகக் கேட்டான்: "அந்த வட்டுல எல்லாம் இருந்துச்சே லல்லா. நீங்க பாக்கலையா?"

பார்த்தேன் ஐயா. நகலெடுக்குமுன் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது என் வழக்கம். மப்ரூக்காவின் பெயரும், பென்சிலின் ஆகாது என்று சிவப்பில் எழுதியதும் இரண்டாவது வட்டில் இருந்தன. முறையாகச் சேராத வட்டில் எழுதியதை நான் பதிவாக எடுத்துக்கொள்வதில்லை.