செம்மண்ணில் எடுத்த படம்

டோர்ட்மண்ட் ட்ராமில் எனக்கு முன் இருக்கையில் ஒரு இலங்கைத் தமிழ்த் தம்பதி. விடுமுறைக்கு ஆஸ்திரேலியப் பாலைவனம் போய், பாறைகளுக்கிடையே நடந்துவிட்டு வந்தவர்கள். கழுவி வாங்கிய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இதை மட்டும் கிழிச்சுப் போடுங்கோ,” என்றார் மனைவி.

“ஏன்? பாறை வடிவா விழுந்திருக்குத்தானே.”

“பாறைக்குக் கீழ நாங்கள் குப்புறப் படுத்துக் கிடக்கிறமெல்லோ. சுற்றுலா ஆக்களை ஏத்தின ஹெலிகொப்டர் அது. எங்களோட நடந்த ஜெர்மன்காரர் எல்லாரும் அண்ணாந்து கை காட்ட, நாங்கள் மட்டும் மண்ணில.”

“ஊரில ஹெலிகொப்டர் வந்து சுடேக்கை மாதிரி, சத்தம் கேட்டவுடனை உம்மை இழுத்து விழுத்தினது நான்தான்.”

“நீங்கள் இழுக்க முதலே நான் விழுந்திட்டன். எல்லாரும் சிரிச்சவை.”

கிழிக்கப் போன கணவர், படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார்.

“இஞ்ச பாரும். எங்களுக்குப் பின்னால இன்னொரு ஆளும் படுத்துக் கிடக்கிறார். நரைச்ச தலை.”

மனைவி எட்டிப் பார்த்தார்.

“எங்கடை குழுவில வந்த கிழவரெல்லோ! சின்னனில, உலக யுத்தத்தில இந்த டோர்ட்மண்டில குண்டு விழேக்கை நிலவறைக்குள்ள கிடந்தவர் எண்டு சொன்னவர்.”

“ஓம், அவர்தான்.”

மனைவி படத்தைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டார்.

“அம்பது வருசமாச்சு,” என்றார் மனைவி. “அவருக்கே இன்னும் அந்தப் பயம் போகேல்லை. கிழிக்காதேங்கோ.”