செல்லோவைப் பெட்டியில் வைக்கும் நேரம்

எங்கள் டுலூத் நகரத்தில் ஜனவரி மாதம் செல்லோவுக்கு ஆகாது. மனிதர்கள் எப்படியோ சமாளித்துக்கொள்வோம். வெளியே ஏரி உறைந்து கிடக்கும். உள்ளே ஹீட்டர் ஓடி ஓடிக் காற்று வறண்டுபோகும். பெரிய வயலின் போன்ற அந்த வாத்தியத்தின் பழைய மரம் அதைத் தாங்காது, வெடித்துவிடும். அதனால் குளிர்கால இசை மாலைகளில், வாசிக்கும் நேரம் வரும்வரை செல்லோவை எங்கள் கலைக்கூடத்தின் அடித்தளத்தில், ஓவியங்களைப் பாதுகாக்கும் அறையில் வைப்போம். அங்கே ஈரப்பதம் எப்போதும் ஒரே சீராக இருக்கும்.

அந்த மாலைகளை நடத்துவதுதான் என் வேலை. பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பியானோ, ஒரு வயலின், ஒரு செல்லோ, எண்பது நாற்காலிகள், சுமாரான ஒயின், யாராவது வீட்டில் செய்து எடுத்துவரும் எலுமிச்சைக் கேக். ஒவ்வொரு இசைப் படைப்புக்கும் முன்னால் நான் பேசுவேன். எழுதியவர் யாரைக் காதலித்தார், யாரிடம் திட்டு வாங்கினார், சுவரில் தொங்கும் ஓவியத்துக்கும் அவருடைய சோகத்துக்கும் என்ன உறவு, இப்படி. பதினோரு வருடங்களாகப் பேசுகிறேன். உங்கள் மனைவிகூட ஒரு முறை வந்திருக்கிறார். முன் வரிசையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஆழ்ந்து கேட்டார்.

தேயா நூர்ட்பி போன இலையுதிர் காலத்தில் எங்களிடம் வாசிக்க வந்தாள். தங்கமான பெண். வாசிப்பும் அப்படித்தான். அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

டிசம்பர் கூட்டத்தில்தான் அவள் அந்தப் பேச்சை எடுத்தாள். எங்கள் இயக்குநர் வெண்டெல் ஆக்ரி இருந்தார், மற்ற இரண்டு வாத்தியக்காரர்களும் இருந்தார்கள்.

"லோர்னா, கோச்சுக்காதீங்க," என்றாள். "நீங்க பேசி முடிக்கிறதுக்குள்ள என் தந்தியெல்லாம் சுருதி இறங்கிடுது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சொன்ன விதம் அப்படி.

"வாஸ்தவம்தான் லோர்னா," என்றார் வெண்டெல். "போன தடவை ஒயின் தீர்ந்துபோச்சு, நீங்க இன்னும் அந்த மனுஷனோட சின்ன வயசுலதான் இருந்தீங்க."

மறுபடியும் சிரிப்பு. கடைசியில் என் பேச்சைத் தாளில் அச்சடித்து நாற்காலிகளில் வைத்துவிடுவது என்று முடிவானது. நான் மேடையில் நல்வரவு சொன்னால் போதும். வீட்டுக்குப் போய் அந்தத் தாளைத் தயாரித்தேன். முதல் பத்தியைத் தாண்டி ஒருவரும் படிக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். பேச்சு என்பது கேட்பதற்கானது.

ஜனவரி நிகழ்ச்சியன்று மாலை நல்வரவு சொன்னேன். கைதட்டினார்கள். பியானோவும் வயலினும் முதல் படைப்பை ஆரம்பித்தன. அது முடிந்ததும் மூன்று பேரும் சேர்ந்து வாசிக்க வேண்டும். தேயா கீழே பாதுகாப்பு அறையில், செல்லோவை வெளியே எடுத்துச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தாள். நான் இறங்கிப் போனேன். கேட்டுப் பார்க்கலாம் என்றுதான் போனேன்.

"தேயா, அடுத்ததுக்கு முன்னாடி எனக்கு அஞ்சு நிமிஷம் குடு. இதைப் பத்தி ஒரு அருமையான கதை இருக்கு."

"அஞ்சா? உங்க அஞ்சு எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதா?" என்று சிரித்துக்கொண்டே வில்லில் பிசின் தேய்த்தாள். "தாள்லதான் இருக்கே லோர்னா. போங்க, போய் உக்காந்து நிம்மதியா பாட்டு கேளுங்க. கேக் வேணுமா? மேல எனக்கு ரெண்டு எடுத்து வச்சிருக்கேன்."

வேண்டாம் என்றேன்.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓவியங்கள்மேல் தண்ணீர் படக்கூடாது. அதனால் தீப்பிடித்தால் அங்கே தண்ணீர் வராது. கரியமில வாயு வந்து அறையை நிரப்பும். தீ மூச்சுத் திணறி அணையும். உள்ளே ஆள் இருந்தாலும் அதே கதைதான். பழைய காலத்து ஏற்பாடு, மாற்ற வேண்டும் என்று வெண்டெல் வருடா வருடம் சொல்வார். வாயு வருவதற்கு முன்னால் முப்பது விநாடி மணி அடிக்கும். அதற்குள் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். இதை எல்லோருக்கும் சொல்லிக் கொடுப்பதும் நான்தான். தேயாவுக்கும் சொல்லியிருந்தேன். "முப்பது விநாடியா? உங்களுக்கு அதுல ஒரு வாக்கியம்கூட முடியாதே," என்றாள்.

அறைக்கு வெளியே, கண்ணாடி மூடிக்குள் அந்த வாயுவைத் திறந்துவிடும் ஒரு சிவப்புக் கைப்பிடி இருக்கிறது. மாடிப்படியில் பாதி ஏறிவிட்டுத் திரும்பி வந்து அதை இழுத்தேன்.

கதவை நான் பூட்டவில்லை. அது உள்ளிருந்து தள்ளினால் திறக்கும். நான் பிடித்துக்கொள்ளவும் இல்லை. கதவுக்கு எட்டு அடி தூரத்தில் அவள் இருந்தாள். கால் இருந்தது, காது இருந்தது, முழுதாக முப்பது விநாடி இருந்தது. நீங்களோ நானோ என்றால் ஓடி வந்திருப்போம்.

ஆனால் மணி அடித்தால் எல்லோரும் தெருவுக்குப் போக வேண்டும். தெருவில் மைனஸ் இருபது. இருநூறு வருடத்து மரத்தைப் பெட்டி இல்லாமல் அந்தக் குளிரில் தூக்கிக்கொண்டு ஓட எந்தச் செல்லோக்காரருக்கும் மனம் வராது. விட்டுவிட்டு ஓடவும் வராது. வில்லைத் தளர்த்த வேண்டும், கீழே நீட்டியிருக்கும் ஊன்றுகோலை உள்ளே தள்ள வேண்டும், பட்டுத் துணியைப் போர்த்த வேண்டும், பெட்டியில் நாலு கொக்கி போட வேண்டும். உங்கள் ஆட்கள் பார்த்தபோது மூன்று கொக்கி போட்டிருந்தது என்றீர்கள். நான் இன்னும் குறைவாக நினைத்திருந்தேன். கை வேகம் அவளுக்கு.

இதை எதிர்பார்த்தேனா என்று கேட்டீர்கள். பதினோரு வருடம் செல்லோக்காரர்களோடு பழகியிருக்கிறேன்.

மேலே எல்லோரையும் அமைதியாக வெளியே அழைத்து வந்தேன். கோட்டை எடுத்துக் கொடுத்தேன், வயதானவர்களைக் கைபிடித்து இறக்கினேன். தீயணைப்பு வண்டி வந்தது.

"உள்ள யாராவது இருக்காங்களாம்மா?" என்று ஒரு இளைஞர் கேட்டார்.

"எல்லாரும் வந்தாச்சு," என்றேன்.

வெண்டெல்தான் பதறினார். "தேயா எங்க? தேயாவைப் பாத்தீங்களா?"

"கார்ல ஹீட்டரைப் போட்டுட்டு உக்காந்திருப்பா வெண்டெல். கை விறைச்சா எப்படி வாசிப்பா?"

அவருக்கு அது நியாயமாகப் பட்டது. தீயணைப்பு ஆட்கள் முதலில் மேல்மாடியைச் சோதித்தார்கள். எண்பது பேர் பனியில் காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார்கள், பாவம். போக இடமில்லை, கேட்க இசையும் இல்லை. அதனால் அடுத்து வாசிக்கவிருந்த படைப்பின் கதையை அவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். ஒருவர்கூட நகரவில்லை. யாரோ கேக் தட்டை வெளியே எடுத்து வந்திருந்தார்கள்; அது கைமாறிக்கொண்டே போனது. கடைசியில், அதை எழுதியவர் மனைவியைப் பறிகொடுத்த இடத்தில், ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக நான் பேசியதில்லை.

அதற்குப் பிறகுதான் தீயணைப்பு ஆட்கள் கீழே போனார்கள்.

ஆமாம், அவள் உள்ளே இருந்தது தெரிந்துதான் இழுத்தேன். உள்ளே யாரும் இல்லை என்று சொன்னதும் தெரிந்தேதான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றை நீங்களே யோசித்துப் பாருங்கள். மக்களுக்குப் பேச்சு கேட்கப் பொறுமையில்லை என்றாள் தேயா. நீங்கள் கதவைச் சாத்தி, எதிரே உட்கார்ந்து, இவ்வளவு நேரமும் ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் நின்று கேட்கிறார்கள். உங்கள் கருவியில் எங்காவது சரியாகப் பதிவாகவில்லை என்றால் சொல்லுங்கள், முதலிலிருந்து மறுபடியும் சொல்கிறேன்.